என் முழங்கையும் இரண்டு பித்தளை ஆணிகளும்

1

திண்டுக்கல்லில் நம் வாசகசாலையின் கையெழுத்து இதழைப் புரட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும், கடல் தாண்டி ஈப்போ நகரத்திலிருந்து ராசு எழுதுவது. இன்று என் கடைப் பலகையில் இரண்டு பித்தளை ஆணிகள் அடித்து ஒரு வருஷம் முடிகிறது. காலையில் அவற்றுக்குப் புளி போட்டு விளக்கிப் பொட்டு வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆணிக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவன் இந்த மலாயா நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

கொண்டாடிவிட்டு உட்கார்ந்தால் தபால்காரர் என் அக்கா பேச்சியின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே பூ விற்கும் பேச்சியை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதுவாள், ஒரு சொல்லையும் திருத்த மாட்டாள். ஆகவே உறையைப் பிரித்தால் பஸ் ஸ்டாண்டுச் சத்தமே வெளியே வந்து விழும்.

“ஏலே ராசு, இங்க சேரு, வீசையெல்லாம் போயி கிலோ வந்துருச்சு. சர்க்கார் ஆளு ஒருத்தர் தராசு தராசாப் பாத்துக்கிட்டு வாராரு. துணிக்கடையில கெஜம் போயி மீட்டராம். நாளைக்கு எங்கிட்ட வந்து, ஏம்மா, உன் முழத்துல முத்திரை எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்ட? உனக்கு அங்க இந்தக் கூத்து நடந்து, சர்க்காரே ஆணி அடிச்சு உன் கைய ஒத்துக்கிச்சுன்னு அங்க உன் பக்கத்துக் கடைக் காதர் தம்பி அவுக வீட்டுக்கு எழுதுன கடுதாசில இருந்துச்சாம். பேகம்பூரே சிரிக்குது. என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுது.”

கடிதத்தில் இன்னும் ஒரு வரி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில் என் கையைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் குட்டைக் கை. நிலக்கோட்டைப் பக்கம் கால் காணியில் மல்லிகை போட்டிருக்கும் அப்பாவுக்கும் அப்படி, அக்காவுக்கும் அப்படி. எனக்கு மட்டும் எங்கிருந்தோ இரண்டு நீண்ட கைகள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் உச்சியைத் துடைக்க வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். அதற்கு மேல் அவற்றால் ஒரு பயனும் இருந்ததில்லை. பூ வியாபாரத்தில் பெரிய தொல்லை.

பூவை முழத்தில் விற்கிறோம். முழம் என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் முழங்கை? விற்கிறவருடையது. திண்டுக்கல் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூடைக்கு முன் குனிந்ததும் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள். பேச்சி அக்காவின் கையைப் பார்த்ததும் எதிரே நிற்பவள் தன் கையை நீட்டி, “எங்கையில அளந்து குடு” என்பாள். “உங்கையில அளக்கணும்னா நீ கடை போட்டுக்க” என்பாள் அக்கா. இந்தச் சண்டை நாளுக்கு நூறு தடவை நடக்கும். அது சண்டையே இல்லை, நலம் விசாரிப்பு.

பத்தாம் வகுப்பில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. நிலக்கோட்டை பஸ்ஸில் வந்த கூடையை இறக்கிவைத்த அக்கா, “செத்த நேரம் பாத்துக்க, பிள்ளைக்கு மருந்து வாங்கிட்டு வாரேன்” என்று போனாள். நான் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண் என் கையைப் பார்த்தாள். சண்டை போடாமல் இரண்டு முழம் வாங்கினாள், ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் நாலு பேரோடு திரும்பி வந்தாள். பிறகு வந்த கூட்டத்தில் எனக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. நம் சாமர்த்தியமே சாமர்த்தியம் என்று பூரித்துப்போனேன்!

அக்கா வரும்போது கூடை காலி. ஆனால் கூடைக்குச் சேர வேண்டிய காசு சேர்ந்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

“அடப் பாவி! இந்தக் கையாலயா அளந்த?”

“வேற யார் கையால அளக்க?”

“இது கையா? கெணத்துக் கயிறு! ஏலே, நீ படிச்சு கலெக்டராப் போ, கவர்னராப் போ. பூவத் தொடாத!”

அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வரிசையில் இருந்த எந்தப் பூக்காரியிடமும் பெண்கள் ஒழுங்காக வாங்கவில்லை. “அந்தத் தம்பிய அளக்கச் சொல்லு” என்று நின்றார்கள். வரிசை முழுவதும் என்மேல் வஞ்சம் வைத்தது. வியாபாரத்துக்கு நான் பிறக்கவில்லை என்று அன்று முடிவு கட்டினேன்.

3

அந்த முடிவு இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன், டைப்ரைட்டிங் லோயர் தேறினேன், ஓர் இடத்தில் உட்கார மட்டும் தேறவில்லை. சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று உடம்பெல்லாம் அரிப்பு. பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன்.

முதலில் பத்திரிகை. எரியோட்டுக்கு நாளிதழ் கொண்டுபோய்ப் போடுவதாக ஏற்பாடு. வழியில் தெரிந்தவர், தெரியாதவர், கிணறு வெட்டுகிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர் எல்லாரிடமும் நின்று பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்தால் பொழுது சாய்ந்திருக்கும். “காலைப் பேப்பரைச் சாயங்காலப் பேப்பரா ஆக்குன மகராசன் வாரான்” என்று அங்கே ஒரு டீக்கடைக்காரர் எனக்கு வரவேற்பு கொடுப்பார்.

அடுத்தது ஐஸ். குஜிலியம்பாறைப் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்புட்டு வெயிலில் ஐஸ் விற்காமல் வேறு என்ன விற்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. ஆனால் பெட்டியில் மரத்தூள் போட்டு மிதித்துக்கொண்டு போய் மூடியைத் திறந்தால், சிவப்பு நிற இனிப்புத் தண்ணீரில் குச்சிகள் மிதந்தன. ஒரு கிழவர் அதையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, அப்பு. குச்சி எதுக்கு?” என்று கேட்டார்.

இப்படி நான் தோற்ற தொழில் எல்லாம் சைக்கிள் மேல் தோற்றவை. இதை அப்போது நான் கவனிக்கவில்லை. தயவுசெய்து நீங்கள் கவனித்து வையுங்கள்.

4

ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாய்மாமா, கணக்கெழுத ஆள் வேண்டும் என்று என்னை வரவழைத்தார். கப்பலில் வாந்தி எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மலாய் படித்தேன். படித்த லட்சணம், இங்கே ஒரு மலாய்க்காரர் வந்து “பூங்ஙா” என்று பூ கேட்டபோது நான் அவருக்குப் பூங்காவுக்கு வழி காட்டினேன்.

மாமா கடையில் எனக்கு ஒரு முக்காலி. அரிசி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே சுவரைப் பார்த்தபடி அது போட்டிருக்கும். எட்டு மாதம் சுவரைப் பார்த்துத் தும்மினேன். ஒன்பதாம் மாதம், சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். “போய்ட்டு வா. பசிச்சா திரும்பு. முக்காலிய வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்” என்றார். அந்த முக்காலி அங்கே காலியாகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் ஒன்றே போதும், நான் எந்த மழையிலும் கடை திறப்பேன்.

என்ன கடை? சிரிக்காதீர்கள். பூக்கடை. நகருக்கு வெளியே நம்மவர் சிலர் மல்லிகை போட்டிருந்தார்கள். திண்டுக்கல் பேகம்பூர்க் காதர் எனக்கு முன்பே இங்கு வந்து, ஒரு நடைபாதை ஓரத்தில் பரோட்டாக் கடை வைத்திருந்தான். என் வயதுதான். நம் ஊர் வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றே கூப்பிடுவோம். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று இங்கே ஒரு சீனர் எங்களிடம் விசாரித்ததுண்டு. காதர்தான் பக்கத்து இடத்தைப் பிடித்துக் கொடுத்தான். பூக் கட்ட அஞ்சலை அக்கா வந்தார். மலாயாவிலேயே பிறந்தவர். அவர் விரல் ஓடுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அளப்பது மட்டும் நான். உரிமையாளன் அல்லவா!

திண்டுக்கல்லில் என்னை விரட்டிய கை இங்கே என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒரு மாதத்தில் கடைக்குப் ‘பெரிய முழக் கடை’ என்று பெயர். கூடையில் மறுநாளுக்கு ஒரு மொட்டும் மிஞ்சாது, அதனால் என் பூ எப்போதும் அன்றைய பூ, வாடி வீணாகும் நஷ்டமும் இல்லை. ஆகா, இதுதான் என் பலம், ஆண்டவன் எனக்குக் கொடுத்த மூலதனம் தோளில் தொங்குகிறது என்று கண்ணாடி முன் நின்று கையை நீட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அஞ்சலை அக்காவின் மகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தலையில் ரிப்பன்தான், பூ வைத்தால் கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்களாம். அம்மா தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்வாள். ஒருநாள் என்னிடம், “அண்ணே, திண்டுக்கல் எங்க இருக்கு? பினாங்குக்கு அந்தப் பக்கமா?” என்றாள்.

“ஆமாம்மா. கொஞ்சம் அந்தப் பக்கம்” என்றேன்.

5

பதினான்காம் மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் வந்தது. மற்றக் கடைக்காரர்கள் அதை யாரிடமாவது கொடுத்து நிரப்புவார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பேனாவுக்கு மை ஊற்றி, முத்து முத்தாக இங்கிலீஷில் நிரப்பினேன். படிவத்தின் ஒரு கட்டத்துக்குள், ‘உபயோகிக்கும் அளவுக் கருவி எது? கடைசியாக எப்போது முத்திரையிடப்பட்டது?’ என்று இருந்தது.

மற்றப் பூக்காரர்கள் அங்கே கோடு கிழித்துவிடுவார்களாம். இது எனக்குத் தெரியாது. சர்க்கார் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? ‘என் இடது முழங்கை. இதுவரை முத்திரையிடப்படவில்லை’ என்று எழுதினேன். எழுதி, காதரிடம் படித்தும் காட்டினேன்.

“மாப்ள, மாட்டுக்குச் சூடு போடுறாப்ல உங்கையில முத்திரை குத்திட்டா?”

“சும்மா இரு, மாப்ள. உண்மையத்தான எழுதியிருக்கேன்.”

“உண்மையெல்லாம் வாயால சொல்லணும். கடுதாசில எழுதுனா அது அங்கயே உக்காந்துக்கும்.”

பத்து நாளில் பதில் வந்தது. சோதிக்கப்படாத கருவியால் அளந்து விற்பது விதிக்குப் புறம்பானது. இரண்டு வாரத்துக்குள் மேற்படி கருவியைச் சோதனைக்குக் கொண்டு வரவும். தவறினால் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட மாட்டாது.

மேற்படி கருவியைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தேன். லைசென்ஸ் போனால் கடை இல்லை. கடை இல்லை என்றால் முக்காலி. சுவர். மிளகாய்.

6

கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். அன்றைக்கே முத்திரை குத்திய கெஜக்கோல் ஒன்று வாங்கி வந்து பலகையில் வைத்தேன். அரை கெஜம் என்று அளந்து கொடுத்தால் முடிந்தது. என் முழத்தைவிட அது குட்டை என்பதால் விலையையும் அதற்கேற்பக் குறைத்தேன். இதைவிட நியாயம் உலகத்தில் உண்டா?

முதல் வாடிக்கைக்காரி மாரியாயி அக்கா. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர், வாய் கொஞ்சம் நீளம். கோலைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“என்னா தம்பி இது?”

“கெஜக்கோல் அக்கா. சர்க்கார் முத்திரை இருக்கு, பாருங்க.”

“நான் தலைக்குப் பூ வாங்க வந்தனா, ஜன்னலுக்குத் திரை வாங்க வந்தனா?”

“அதுக்கேத்தாப்ல விலையும் குறைச்சிருக்கேன் அக்கா...”

“கட்டையில அளந்த பூவ நான் சாமிக்குப் போட மாட்டேன். கைய நீட்டி அளக்கிறதுன்னா அள. இல்லன்னா உன் கோலைத் தலையில வச்சுக்கிட்டு நீயே போ.”

போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் போனார்கள். மூன்று நாளில் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பெரிய முழத்துக்காரன் தன் கைக்குப் பதில் கட்டை வைத்து ஏமாற்றுகிறான்! நாலாம் நாள் கூடையில் பூ மிஞ்சியது. முதல் தடவையாக என் கடையில் வாடிய பூ. காதர் பரோட்டாவைப் புரட்டியபடி, “மாமா கடையில முக்காலியத் தூசி தட்டச் சொல்லி அனுப்பவா?” என்றான். கேலிதான். ஆனால் அன்று மத்தியானம் அவனே என் தட்டில் இரண்டு பரோட்டா கூடுதலாக வைத்தான். பயந்துதான் போயிருக்கிறான்.

7

கெடு முடியும் நாளில் கருவியைக் கொண்டு போனேன். வேறு வழி? கூட ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

எடை அளவு அலுவலகத்தின் முதல் ஜன்னலில், “கருவி எங்கே?” என்றார்கள். கையைக் காட்டினேன். இரண்டாம் ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் ஜன்னலில், “கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே காத்திருங்கள்” என்றார் ஒருவர் நிமிராமல். கையை மேஜைமேல் வைத்தேன். வெளியே போக முடியவில்லை. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

அதிகாரி அறைக்கு அழைத்துப் போனார்கள். மலாய்க்காரர், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. என் படிவத்தை எதிரே வைத்திருந்தார். இங்கிலீஷில்தான் பேசினோம்.

“இதை எழுதியது நீங்கள்தானா?”

“ஆமாம், ஐயா. பிழை ஏதும் இருக்கிறதா?”

“பிழை இல்லை. இருபது வருஷத்தில் இந்தக் கட்டத்தை உண்மையாக நிரப்பிய பூக்காரர் நீங்கள் ஒருவர்தான். அதுதான் எனக்குத் தலைவலி.”

இரும்பு நாடாவை எடுத்து என் கையை அளந்தார். பிறகு மறுபடியும் அளந்தார். உதவியாளரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. எத்தனை அங்குலம் என்று இங்கே எழுத மாட்டேன். காரணம் உண்டு, பொறுங்கள்.

“கை சரிதான்” என்றார். “ஆனால் கைக்கு முத்திரை போட எனக்கு அதிகாரம் இல்லை. சரி, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் அளப்பார்கள்?”

“கடையை மூடிவிடுவேன்.”

“சரக்கு வாங்க வெளியே போனால்?”

“போக மாட்டேன். தோட்டக்காரர்களே கொண்டு வந்து தருகிறார்கள்.”

“புது இடத்தில் வியாபாரம் பிடிக்கப் போக வேண்டாமா?”

“எப்படிப் போவேன் ஐயா? கை என்னோடு வந்துவிடுமே!”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியானால் பதினான்கு மாதமாக அந்தப் பலகைக்கு முன்னாலேயேவா உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்ததும்தான் உறைத்தது. எரியோட்டுக்கும் குஜிலியம்பாறைக்கும் சைக்கிள் மிதித்தவன், முக்காலியைக் கண்டு ஓடி வந்தவன், பதினான்கு மாதமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்குப் பதில் பலகை. அவ்வளவுதான் வித்தியாசம். இதை மாமா சொல்லவில்லை, காதர் சொல்லவில்லை. ஒரு சர்க்கார் அதிகாரி படிவம் நிரப்புவதற்காகக் கேட்ட கேள்வியில் வந்து விழுகிறது!

அவர் அதற்குள் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். பலகையில் இரண்டு ஆணி அடிக்க வேண்டும். இடையில் உள்ள தூரம் என் முழம். ஆள் வந்து சோதித்துப் பலகைக்கு முத்திரை போடுவார். லைசென்ஸ் கிடைக்கும்.

8

பித்தளைக் கொண்டை ஆணிகளைக் காதர் கொண்டு வந்தான். ஊரிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டியின் மூலைகளில் இருந்தவை. “திண்டுக்கல் சரக்கு மாப்ள, துருப்பிடிக்காது” என்றான்.

ஆணி அடிக்கும் நாளில் மாரியாயி அக்காவை நானே போய்க் கூப்பிட்டேன். அவர் தனியாக வருவாரா? பதினைந்து பேர் வந்தார்கள். எல்லார் முன்னாலும் என் கையைப் பலகைமேல் வைத்தேன். முழங்கை முனையில் ஓர் ஆணி, நடுவிரல் நுனியில் ஓர் ஆணி. அஞ்சலை அக்கா சந்தனம் வைத்தார். அலுவலகத்து ஆள் நாடாவால் சரிபார்த்து முத்திரை குத்தினார். மாரியாயி அக்கா தன் கையை இரண்டு ஆணிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். நாலு விரற்கடை மிச்சம் இருந்தது.

“இது தம்பி கையேதான்! கட்டையில்ல!” என்று அறிவித்தார். அவ்வளவுதான், விட்டுப்போன கூட்டமெல்லாம் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பலகைக்கு முன் நின்றேன். வந்த முதல் பெண் சொன்னார்:

“செத்த நகரு தம்பி, ஆணிய மறைக்கிற.”

நகர்ந்தேன். அஞ்சலை அக்கா சரத்தை ஆணியில் மாட்டி, இழுத்து, வெட்டி, இலையில் மடித்து நீட்டினார். நான் ஒன்று அளக்கிற நேரத்தில் அவர் மூன்று அளந்தார். யாரும் என் கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டவன் கொடுத்த மூலதனம் பலகைக்குப் போய்விட்டது. நான் காதர் கடையில் போய் உட்கார்ந்தேன். எதில் உட்கார்ந்திருக்கிறேன் என்று குனிந்து பார்த்தால், முக்காலி!

துள்ளி எழுந்தேன். காதர் மாவு பிசைந்த கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன மாப்ள, தேள் கொட்டிருச்சா?”

“என் கடையில எனக்கு வேலை இல்ல, மாப்ள.”

“அதுக்கு ஏன் எங்கடையில ஈ ஓட்டுற? சுவத்துல என் சைக்கிள் சாஞ்சிருக்கு. எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போ. நீ இருந்தா மாவு புளிக்குது.”

9

மணி மூன்று. அஞ்சலை அக்காவிடம் ஒரு கூடை மொட்டுச் சரம் வாங்கினேன். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே வாழை இலை மூடி, கேரியரில் கட்டினேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

நகரம் தாண்டியதும் ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக, ஒரே மாதிரி. வழக்கம் போல மத்தியான மழை பிடித்துக்கொண்டது. குஜிலியம்பாறைக்கு ஐஸ் கொண்டுபோன நாளில் இந்த மழை எங்கே போயிருந்தது! தொப்பலாக நனைந்தபடி மிதித்தேன். பாதை ஓரத்தில் ரப்பர்ப் பால் வாளியோடு ஒதுங்கி நின்றவர்களிடம் நின்று பேசினேன். அவர்களில் ஒருவரிடம் ஒரு தோட்டத்துக்குப் போகும் வழியை விசாரித்தேன். விசாரிக்கும்போதே அவர் மகளுக்கு எப்போது கல்யாணம் என்பதும் தெரிந்துவிட்டது. காலைப் பத்திரிகையைச் சாயங்காலப் பத்திரிகையாக்கிய அதே வாய்தான்.

மழை விட்டு வெயில் தாழ்ந்த நேரத்தில் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, ஒரு வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“மல்லிகை!” என்றார், யாரையும் பார்க்காமல், காற்றைப் பார்த்து.

இலையை விலக்கினேன். மூன்று மணிக்கு நான் மூடி வைத்தவை மொட்டுகள். இப்போது அத்தனையும் வாய் திறந்திருந்தன.

நண்பர்களே, அந்த இடத்தில் நான் கெக்கலி கொட்டிச் சிரித்தேன். அந்தப் பெண் பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். பத்திரிகை வழியில் பழசாகிப்போனது. ஐஸ் வழியில் தண்ணீராகிப்போனது. இதுவோ போகப் போக மலர்கிறது! நான் எத்தனை நேரம் நின்று பேசினாலும் அத்தனை நேரமும் இது எனக்காக வேலை செய்துகொண்டே வருகிறது! எனக்குத் தோல்வியாக இருந்தவை என் கால்கள் அல்ல, என் வாயும் அல்ல. ஓடுகிற வேலைக்காக அவை காத்துக்கொண்டிருந்தன. தவறான சரக்கைக் கேரியரில் கட்டியவன் நான்தான்.

கூடை அரை மணி நேரத்தில் காலி. முழத்துக்குச் சண்டை? அதுவும் நடந்தது. என் கையை நீட்டினேன், சண்டை போட்டவர்களே முந்திக்கொண்டு வாங்கினார்கள். அடுத்த வாரத்துக்கு ஒரு கல்யாண மாலையும், வெள்ளி தோறும் கோயிலுக்குச் சரமும் சொல்லி வைத்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். காதர் கேரியரைத் தொட்டுப் பார்த்தான், காலிச் சாக்கை உதறிப் பார்த்தான்.

“மாப்ள, நாளைக்கு நீயே ஒரு சைக்கிள் வாங்கிரு. இது இனிமே என் சைக்கிள் மாதிரி தெரியல.”

10

இன்றைக்கு ஆறு தோட்டங்களுக்குப் போகிறேன். கடை அஞ்சலை அக்கா கையில், அதாவது ஆணிகளின் கையில். அவர் மகள் தன் ஸ்கூல் ஸ்கேலால் அவற்றை மாதம் ஒரு முறை அளந்து, “கரெக்ட், அண்ணே” என்று சான்று தருவாள். போன வாரம் அளக்கும்போது அறுந்து கிடந்த ஒரு துண்டுச் சரத்தை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி ரிப்பனில் செருகிக்கொண்டாள். பார்க்காத மாதிரி நானும் இருந்தேன். மாமா என்னைக் கண்டால் முக்காலியைப் பற்றிப் பேசுவதில்லை. அதன்மேல் இப்போது ஊறுகாய் ஜாடி இருக்கிறது.

என்னைப் போல எதை எடுத்தாலும் தோற்றுக்கொண்டு, அங்கே கூட்டுறவு ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடையில் எல்லாரும் உங்களில் எதைப் புகழ்கிறார்களோ அதைச் சீக்கிரம் ஒரு பலகையில் ஆணியாக அடித்துவிடுங்கள். அடித்துவிட்டு வெளியே வாருங்கள். மிச்சம் இருக்கிற ஆள்தான் நீங்கள்.

அக்கா, இனி உனக்கு. சர்க்கார் ஆள் வந்தால் பயப்படாதே. மரியாதையாக ஒரு மணை போட்டு உட்கார வை. பலகையில் இரண்டு ஆணி அடிக்க அனுமதி கேள். ஆணி இரண்டைக் காதரிடம் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துருப்பிடிக்காது.

கடிதத்தின் கடைசி வரியைச் சொல்கிறேன் என்றேனே. அது இது:

“ஏலே, உன் ஆணிக்கு நடுவுல எத்தனை அங்குலம்னு மட்டும் எந்தக் கடுதாசிலயும் எழுதிறாத. அந்த வாசகசாலைப் பேப்பரை இங்க பொம்பளைகளும் வாசிக்காளுக. எங்கைய வச்சுத்தான் நாங்க இங்க பொழைக்கிறோம்.”

ஆகவே திண்டுக்கல் பெண்களே, அங்குலக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். பேச்சியிடம் போங்கள். கையை நீட்டுங்கள், சண்டை போடுங்கள். எனக்கு மணி மூன்றாகிவிட்டது, மொட்டுகள் காத்திருக்கின்றன.